கேளுங்க சொல்றேன்: நாலு ராத்திரி அந்தமான், ஒரு காலை பவளப்பாறை

போன இதழ்ல "அந்தமான் மாதிரி தீவுக்குப் போற ஐடியா இருக்கறவங்க சந்தேகத்த எழுதி அனுப்புங்க"ன்னு ஒரு மூலைல சின்னதா போட்டிருந்தோம், லெட்டரும் வாட்ஸப்பும் வந்து குவிஞ்சிருச்சு. பாதி பேர் கேட்டது பேக்கேஜ் பத்தி, மீதி பேர் "நீச்சல் தெரியாதுங்க, போகலாமா". ஒரே மாதிரி கேள்விய சேத்து, நீளமா இருந்தத வெட்டி, பதில் எழுதிருக்கேன். பேர் போட வேண்டாம்னு நெறைய பேர் சொன்னதால ஊர் மட்டும்.

பொங்கல் லீவுல நாங்க ரெண்டு பேர், 11 வயசுலயும் 7 வயசுலயும் ரெண்டு பசங்க, அந்தமான் போறோம். ஏஜென்ட் குடுத்த 4 நைட் 5 டேஸ் பிளான்ல போர்ட் பிளேர், ராஸ், நார்த் பே, பாராடாங், ஹேவ்லாக், நீல் எல்லாமே இருக்கு. பசங்களுக்கு ஸ்நார்க்லிங் (மாஸ்க்கும் டியூபும் மாட்டி மெதந்துக்கிட்டே கடலுக்கடியில பாக்கறது) பண்ணணும், அதான் முக்கியம். இந்த பிளான் சரியா வருமா? – வாசகி, திண்டுக்கல்

வரும் அக்கா, ஆனா நீங்க மீன் பாக்கற நேரத்த விட லக்கேஜோட படகுத்துறைல நிக்கற நேரம்தான் ஜாஸ்தியா இருக்கும். பேக்கேஜ்ல எத்தன இடம்னு எண்ணிப் பாத்து வாங்கறது நம்ம ஊர் பழக்கம், அது தெரிஞ்சுதான் அவங்களும் பேர அடுக்கறாங்க. அஞ்சு நாள்னு சொல்றாங்களே, அதுல முதல் நாளும் கடைசி நாளும் பிளைட்டுக்கே போயிடும், நடுவுல இருக்கறது முழுசா மூணு நாள், அந்த மூணு நாள்ல ஆறு எடம்.

முதல்ல பாராடாங்க வெட்டுங்க. அதுக்கு ராத்திரி மூணு மணிக்கெல்லாம் எழுந்து ஜிர்காடாங் செக்போஸ்ட்டுக்குப் போயி, கான்வாய்ல மத்த வண்டிங்களோட வரிசையா ஜாரவா பழங்குடி மக்களோட காட்டு வழியா போகணும், போய் வர ஒரு நாள் முழுசா காலி. சுண்ணாம்புக் குகை நல்லாதான் இருக்கும், ஆனா அந்த ரோட்டுல போறவங்கள்ல பாதி பேர் குகைக்காகப் போறதில்ல, ஜன்னல் வழியா மனுஷங்கள வேடிக்கை பாக்கப் போறாங்க, எனக்கு அது பிடிக்கல. ஸ்நார்க்லிங்தான் முக்கியம்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் எதுக்கு?

நான் போட்டா இப்டி போடுவேன். முதல் நாள் சென்னைலருந்து காலை பிளைட், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, மத்தியானம் ரூம், அப்புறம் செல்லுலர் ஜெயில், அன்னிக்கி அவ்ளோதான். ரெண்டாம் நாள் காலைல பெர்ரி புடிச்சு ஹேவ்லாக், சாயங்காலம் ராதாநகர் பீச். மூணாம் நாள் காலைல எலிபென்ட் பீச், அதான் உங்க ஸ்நார்க்லிங், மத்தியானம் பசங்க தூங்கட்டும். நாலாம் நாள் காலைல மறுபடி கடல்ல ஒரு ரவுண்டு இல்லன்னா சும்மா பீச்சு, மத்தியானத்துக்கு மேல பெர்ரில போர்ட் பிளேர் திரும்பி ராத்திரி அங்கயே தங்கல். அஞ்சாம் நாள் பிளைட். நீலும் பாக்கணும்னா ஒரு ராத்திரி கூட்டுங்க, ஹேவ்லாக்ல காலைல கிளம்பி நீல் போயி அன்னிக்கே போர்ட் பிளேர் வந்துடலாம்னு சொல்வாங்க, முடியும்தான், ஆனா ரெண்டு பெர்ரிக்கு நடுவுல ஆட்டோல தீவ சுத்தி போட்டோ எடுக்கறதோட முடிஞ்சுடும்.

கடைசி ராத்திரி போர்ட் பிளேர்ல இருக்கணும்னு நான் அடிச்சு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கடல் கொந்தளிப்பா இருந்தா பெர்ரிய நிறுத்திடுவாங்க, முந்தின நாள் ராத்திரிதான் மெசேஜ் வரும். ஹேவ்லாக்ல மாட்டிக்கிட்டு போர்ட் பிளேர்ல பிளைட்ட விட்டுட்டு புது டிக்கெட் எடுக்கற குடும்பங்க வருஷா வருஷம் உண்டு.

பொங்கல் நேரம் கூட்டம். ரூமுக்கு முன்னாடி பெர்ரி டிக்கெட்ட பாருங்க, அது கெடைக்கற நேரத்த வச்சு ரூம் போடுங்க. பிரைவேட் பெர்ரி ஒன்றரை மணிலருந்து ரெண்டு மணி நேரம், ஏசி, ஆனா வெளிய டெக்ல நின்னு காத்து வாங்க பெரும்பாலும் விடமாட்டாங்க, கவர்ன்மென்ட் கப்பல் வெல கம்மி, கொஞ்சம் மெதுவா போகும், டிக்கெட் கெடைக்கறதுதான் கஷ்டம். பிரைவேட் கிளம்பறது ஹேடோ ஜெட்டி, கவர்ன்மென்ட்டு போறது ஃபீனிக்ஸ் பே, ரெண்டும் வேற வேற எடம், காலைல ஆட்டோக்காரர்கிட்ட சரியா சொல்லுங்க.

இன்னொன்னு, பேர் குழப்பம். ஹேவ்லாக்க 2018ல ஸ்வராஜ் தீப்னும் நீல் தீவ ஷஹீத் தீப்னும் மாத்திட்டாங்க, போர்ட் பிளேர் 2024லருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்ல புதுப் பேர் இருக்கும், வாய்ல எல்லாரும் பழைய பேர்தான் சொல்றாங்க. நானும் அப்டித்தான் எழுதறேன்.

எனக்கு 52 வயசு, நீச்சல் தெரியாது, கண்ணாடி போடறவன், பிபி மாத்திரையும் சாப்பிடறேன். பையனும் மருமகளும் கூப்பிடறாங்க. தண்ணிக்குள்ள தல விட எனக்கு பயம். போனா வேடிக்கைதான் பாக்கணுமா? – வாசகர், கும்பகோணம்

சார், உங்களுக்காகத்தான் இந்தப் பகுதியவே நீளமா எழுதறேன், ஏன்னா இந்தக் கேள்வி கேக்காம மனசுக்குள்ள வச்சுக்கிட்டு பீச்சுல துண்டு காவல் காக்கறவங்க ரொம்ப பேர்.

மொதல்ல பிபி. டாக்டர்கிட்ட "கடல்ல மெதக்கப் போறேன்"னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. நெஞ்சு வலி வந்திருந்தா, ஸ்டென்ட் வச்சிருந்தா, ஆஸ்துமா இருந்தா அது ஒரு வார்த்தை இல்ல, கண்டிப்பா உக்காந்து பேசணும். அவர் சரின்னா மீதிய பாக்கலாம்.

ஸ்நார்க்லிங்னா முங்கறது இல்ல, மெதக்கறது. லைஃப் ஜாக்கெட் போட்டுடுவாங்க, முழுகணும்னு நீங்க ஆசப்பட்டாலும் அது விடாது. அந்தமான்ல பெரும்பாலும் ஒரு ரப்பர் ரிங்க குடுத்து அத புடிச்சுக்கச் சொல்லி கைடு இழுத்துக்கிட்டே போவார், நீங்க காலாட்டக் கூட வேண்டாம், குப்புற படுத்து கீழ பாக்கறது மட்டும்தான் வேல.

பயம் எங்க வருதுன்னா மூச்சுல. மாஸ்க் கண்ணோட மூக்கையும் சேத்து மூடிடும், வாயால மட்டும் மூச்சு விடணும், ஐம்பது வருஷமா மூக்கால விட்ட மனுஷனுக்கு அது புதுசு. அதுக்கு ஒரு வழி, ஊர்லயே ஒரு மாஸ்க்கும் டியூபும் வாங்கி வீட்ல டிவி பாக்கும்போது மாட்டிக்கிட்டு உக்காருங்க. வீட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். வாயால நிதானமா இழுத்து நிதானமா விட்டுப் பழகுங்க. அங்க போனதும் நேரா ஆழத்துக்குப் போகாம இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டு மூஞ்சிய மட்டும் உள்ள விடுங்க, எப்ப வேணா தலய தூக்கலாம்னு ஒடம்புக்குத் தெரியணும், அது தெரிஞ்சிட்டா பயம் பாதி போயிடும். டியூப்குள்ள தண்ணி வந்துட்டா பதற வேண்டாம், "தூ"ன்னு ஒரே வேகமா ஊதுங்க, மேல வழியா வெளிய போயிடும். இந்த ஒண்ண மட்டும் ஆழமில்லாத எடத்துல நாலஞ்சு தடவ செஞ்சு பாத்துக்கோங்க.

மாஸ்க் பொருந்துதான்னு பாக்க, பட்டைய மாட்டாம மூஞ்சில வச்சு மூக்கால லேசா காத்த உள்ள இழுங்க. கைய எடுத்தாலும் அப்டியே ஒட்டிக்கிட்டு நின்னா அது உங்க மாஸ்க். கீழ விழுந்தா வேற கேளுங்க, கூச்சப்படாதீங்க. மீசை அடர்த்தியா இருந்தா அது வழியா தண்ணி கசியும், மேல் ஓரத்துல கொஞ்சம் ட்ரிம் பண்ணிட்டுப் போங்க, முழுசா எடுக்கணும்னு அவசியமில்ல. மாஸ்க் கண்ணாடி ஆவி புடிச்சு மங்கிட்டா உள்பக்கம் எச்சி துப்பி தேச்சுட்டு லேசா கழுவுங்க, கடல்ல எல்லாரும் செய்யறதுதான், அருவருப்பா இருந்தா பேபி ஷாம்பு ஒரு சொட்டு.

கண்ணாடி விஷயம். மூக்குக்கண்ணாடி மேல மாஸ்க் போட முடியாது. மைனஸ் பவர் வச்ச மாஸ்க் கடையில கெடைக்குது, ஆனா உங்க பவர் கம்மின்னா வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க, ஏன்னா தண்ணிக்குள்ள மாஸ்க் வழியா பாக்கறப்ப எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசா, கிட்டக்க தெரியும், லேசா பவர் இருக்கறவங்களுக்கு அதுவே போதும்னு ஆயிடுது. மூஞ்சி முழுக்க மூடற மாடல் ஒண்ணு இப்ப விக்குது, மூக்காலயே மூச்சு விடலாம்னு ஆசையா இருக்கும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன், விட்ட மூச்சே உள்ள தங்கறதுக்கு வாய்ப்பிருக்கு, பதட்டத்துல சட்டுனு கழட்டவும் வராது.

காத தண்ணிக்குள்ள வச்சதும் ஒரு சத்தம் கேக்கும் சார், அடுப்படில கடுகு பொரியற மாதிரி சடசடன்னு விடாம. அது சின்ன எறா வகை ஒண்ணு, கொடுக்க சொடுக்கற சத்தம். அதுக்கு நடுவுல "கறுக், கறுக்"னு கேட்டா பக்கத்துல கிளி மீன் இருக்குன்னு அர்த்தம், பாறைல இருக்கற பாசிய பல்லால சொரண்டித் திங்கும், அது தின்னுட்டு வெளிய விடறதுதான் அங்க இருக்கற வெள்ள மணல்ல ஒரு பங்கு. இத பீச்சுல துண்டு புடிச்சுக்கிட்டு உக்காந்தா பாக்க முடியாது.

போன வருஷம் போனோம். முட்டி அளவு தண்ணில படுக்க வச்சு இழுத்தாங்க, பாறைல கால் கிழிஞ்சதுதான் மிச்சம். கலரே இல்ல, எல்லாம் பழுப்பா கல்லு மாதிரி. யூடியூப்ல காட்டறதெல்லாம் பொய்யா? – வாசகர், சேலம்

நீங்க போனது லோ டைடு, அதாவது தண்ணி வத்தின நேரம். கடலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம் உண்டு, ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும். அதாவது இன்னிக்கி காலை ஒம்போது மணிக்கு தண்ணி ஏறி நின்னா அடுத்த வாரம் அதே ஒம்போது மணிக்கு வத்திக் கெடக்கும். பேக்கேஜ்காரர் தினமும் ஒரே நேரத்துக்குத்தான் போட்ட கெளப்புவார், அவருக்கு டைடு பத்தி கவலையில்ல, நீங்கதான் பாக்கணும். நெட்ல ஊர் பேர் போட்டு டைடு டேபிள்னு தேடினா நாள் வாரியா நேரம் வந்துடும், தண்ணி ஏறிக்கிட்டு இருக்கற நேரமா ஏறி நிக்கற நேரமா பாத்து அந்த நேரத்துக்கு போட் கேளுங்க. நெட்டெல்லாம் வேண்டாம்னா வீட்ல தொங்கற தினசரி காலண்டரே போதும், அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல ஏத்தமும் வத்தமும் ரெண்டுமே அதிகமா இருக்கும், அஷ்டமி பக்கம் வித்தியாசம் கம்மி. முதல் தடவ போறவங்க அஷ்டமி பக்கம் தேதி போட்டா எந்த நேரம் போனாலும் பெருசா ஏமாற மாட்டாங்க. நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாதுன்னு வீட்ல பெரியவங்க சொன்னா அத நீங்க பேசிக்கோங்க.

நீல் தீவுல இது இன்னும் நல்லா தெரியும். அங்க பாரத்பூர் பீச்சுல பவளப்பாறை பாக்க தண்ணி வேணும், அதே தீவுல நேச்சுரல் பிரிட்ஜ்னு ஒரு பாறை வளைவு, அதுக்கு நடந்து போகத் தண்ணி வத்தியிருக்கணும். டைடு பாத்துட்டுப் போறவங்க ஒரே நாள்ல ரெண்டையும் பாப்பாங்க, பாக்காதவங்க ரெண்டையும் விட்டுட்டு வருவாங்க.

கலர் விஷயம். பழுப்பா இருந்தா செத்ததுன்னு அர்த்தமில்ல, உயிரோட இருக்கற பவளம் நெறைய பழுப்பும் கடுகு மஞ்சளும்தான், அதுக்குள்ள குடியிருக்கற நுண்ணிய பாசியோட கலர் அது. அந்தப் பாசிதான் வெயில வச்சு பவளத்துக்கு சாப்பாடு போடுது. தண்ணி வழக்கமான கோடை சூட்ட விட ஒரு டிகிரி ஏறி சில வாரம் அப்டியே நின்னுட்டா பவளம் பாசிய வெளிய தள்ளிடும், வெள்ளவெளேர்னு ஆயிடும், அதான் பிளீச்சிங். சீக்கிரம் குளிர்ந்தா தப்பிச்சுக்கும், இல்லன்னா சாகும். 1998, 2010, 2016ன்னு இந்தியக் கடல்ல இது பெருசா நடந்தது, அந்தமானுக்கு 2010 ரொம்ப மோசம், 2024லயும் உலகம் முழுக்க நடந்தது, லட்சத்தீவு பக்கம் நல்லா அடி வாங்கிச்சு. அதனால பளிச்சுனு வெள்ளையா இருந்து "ஆஹா என்ன அழகு"ன்னு தோணினா அதுதான் சீக்காளி. மேல பாசி படிஞ்சு அழுக்கா நொறுங்கிக் கெடக்கறது செத்தது.

யூடியூப் வீடியோ பொய்யில்ல, லைட் அடிச்சு எடுத்தது, இல்ல அப்புறம் கலர ஏத்தினது. தண்ணி முதல்ல முழுங்கறது செவப்பு வெளிச்சத்த, சில மீட்டர் கீழ போனாலே செவப்பு மீன் கூட சாம்பலாத் தெரியும். கலர் வேணும்னா மீன பாருங்க, பாறைய இல்ல. சாமந்திப் பூ மாதிரி கையாட்டற அனிமோன்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு எட்டிப் பாக்கற ஆரஞ்சு மீன் எந்தப் பாறைலயும் ஒரு ஜோடியாவது இருக்கும்.

பையனுக்கு மே மாசம்தான் லீவு. அப்ப போலாமா? – வாசகி, மதுரை

மே முதல் வாரம்னா ஓரளவு பரவால்ல, கடல் பல நாள் அமைதியா இருக்கும், வெயில்தான் கொளுத்தும். நாட்டுலயே பருவமழை மொதல்ல கால் வைக்கறது அந்தமான் பக்கம்தான், சாதாரணமா மே மூணாவது வாரம் வாக்குல. அதுக்கப்புறம் பெர்ரி ரத்து, தண்ணி கலங்கல், குடுத்த காசுக்கு ரூம்ல உக்காந்து மழை பாக்கலாம். அந்தமானுக்கு நல்ல மாசம்னா டிசம்பர் கடைசிலருந்து ஏப்ரல், அதுலயும் பிப்ரவரி, மார்ச்சுல தண்ணி கண்ணாடி.

மே மாசம்தான் போயாகணும்னா திசைய மாத்துங்க, இலங்கை திருகோணமலை. அங்க சீசனே மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும், நமக்கு தென்மேற்குப் பருவம் அடிக்கறப்ப அந்தக் கிழக்குக் கரை அமைதியா இருக்கும். நிலாவெளி பீச்சுலருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துல புறாத்தீவு, 2003லருந்து தேசியப் பூங்கா, போட்ல ஏறினா கால் மணி நேரம் கூட ஆகாது. டிக்கெட் வனஜீவராசிகள் திணைக்களம் குடுக்கறது, போட்டு தனி. கரையிலருந்தே நடந்து தண்ணில எறங்கினா பவளம், கருப்பு முனை துடுப்பு வச்ச சின்ன சுறாங்க ஓடும், நம்மள ஒண்ணும் பண்ணாது, நம்மள பாத்தா அதுதான் விலகும். சனி ஞாயிறு அங்க உள்ளூர்க் கூட்டம் தாங்காது, வார நாள்ல காலைல முதல் போட்டுக்குப் போயிடுங்க. கொழும்புல எறங்கினா ரோட்டுல அஞ்சாறு மணி நேரம் ஆகும், அதனால இதுக்கும் நாலு ராத்திரி வேணும். போற வழி அலுப்புக்கு கோணேஸ்வரம் கோயில் மலை உச்சில கடலப் பாத்து நிக்கற காத்து போதும், பாஷைக் கஷ்டமும் இல்ல. விசா விதி அடிக்கடி மாறுது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

மன்னார் வளைகுடாவுலயே பவளம் இருக்கே, எதுக்கு அந்தமான்? – வாசகர், ராமநாதபுரம்

நியாயமான கேள்வி. தூத்துக்குடிலருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. அதனாலயே நெனச்ச நேரத்துல போட்டு புடிச்சு தீவுல எறங்க முடியாது, வனத்துறை அனுமதிச்ச எடத்துல அவங்க போட்ல மட்டும். ஒரு காலத்துல சுண்ணாம்புக்காக அந்தப் பவளத்த வெட்டி வெட்டி எடுத்தோம், இப்பதான் மூச்சு விடுது, கொஞ்ச நாள் விட்டு வைக்கலாம். தண்ணித் தெளிவும் அந்தமான் அளவுக்கு இருக்காது. கடல்பசு, கடல்புல் இதுல ஆர்வம் இருந்தா நம்ம கடலும் பெருசுதான், அத தனியா எழுதணும்.

லட்சத்தீவு போலாம்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நாலு நாள்ல முடியுமா? – வாசகர், கோவை

தண்ணின்னு பாத்தா லட்சத்தீவுதான் ஒசத்தி தம்பி, லகூன்னு சொல்ற உள்கடல் குளம் மாதிரி அமைதியா கெடக்கும், நீச்சல் தெரியாதவங்களுக்கு அத விட நல்ல எடம் இல்ல. ஆனா இந்தியரா இருந்தாலும் என்ட்ரி பர்மிட் வேணும், கொச்சிலருந்து அகத்தி தீவுக்கு சின்ன பிளைட், இல்லன்னா கப்பல். டிக்கெட், பர்மிட், ரூம் மூணும் ஒண்ணா அமையறதுக்கே மாசக்கணக்கா முன்னாடி ஆரம்பிக்கணும். அடுத்த மாசம் போறேன்னு சொல்றவங்களுக்கு நான் அந்தமான்தான் சொல்லுவேன்.

முதலை இருக்காமே அந்தமான்ல? அம்மா வேண்டாம்னு சொல்றாங்க. – வாசகி, திருச்சி

இருக்கு, உப்புத்தண்ணி முதலை, அதுங்க இருக்கறது பெரும்பாலும் அலையாத்திக் காட்டு ஓடைங்கள்ல. 2010ல ஹேவ்லாக்ல ராதாநகர் பக்கத்துல நீல்ஸ் கோவ்ல ஒரு வெளிநாட்டுப் பொண்ணு ஸ்நார்க்லிங் பண்றப்ப முதலை தாக்கி இறந்துபோனாங்க, அதுலருந்து அந்த எடத்துல எறங்க விடறதில்ல. லைஃப்கார்ட் இருக்கற எடத்துல, பகல்ல, கைடோட எறங்குங்க, ஓடை வந்து கடல்ல சேர்ற எடத்துல எறங்காதீங்க, எச்சரிக்கை போர்டு இருந்தா "நேத்து ஒருத்தர் குளிச்சாரு"ன்னு பேசாதீங்க.

நெஜமா நெறைய பேருக்கு ஆகறது முதலை இல்ல, வெயில். குப்புற மெதக்கறப்ப முதுகும் முட்டிக்குப் பின்னாடி சதையும் வெந்துடும், குளிர்ச்சியா இருக்கறதால தெரியாது, ராத்திரி படுக்க முடியாது. முழுக்கை டீஷர்ட், லெக்கின்ஸ், இது ரெண்டும் எந்த கிரீமயும் விட நல்லது. கிரீம் போட்டே ஆகணும்னா லேபிள்ல ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட்னு இருந்தா வேண்டாம், அது பவளத்துக்குக் கெடுதின்னு ஹவாய்ல 2021லருந்து விக்கவே தட, ஜிங்க் ஆக்ஸைடு இருக்கறதா பாருங்க. அப்புறம் பாறை மேல நிக்காதீங்க, அது உயிருங்கறது ஒரு பக்கம், இடுக்குல முள்ளுமுள்ளா கடல் முள்ளெலி இருக்கும், கல்லு மாதிரியே கெடக்கற கல்மீன் குத்தினா ஆஸ்பத்திரிதான். கறுப்பு வெள்ள பட்ட போட்ட கடல்பாம்பு பாத்தா ஒதுங்கி நின்னு ரசிங்க, வெஷம் ஜாஸ்தி, கோவம் கம்மி.

சாயங்காலம் பீச்சு மணல்ல படுத்தா சேண்ட் ஃப்ளைன்னு கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிக்கும், கடிச்சது மறுநாள்தான் தெரியும், ஒரு வாரம் அரிக்கும். தேங்கா எண்ணெய் தடவிக்கிட்டு மணல்ல நேரா உக்காராம பாய் விரிச்சு உக்காருங்க.

குழந்தை பொறுக்கின சங்கு, பவளத் துண்ட கொண்டு வரலாமா? – வாசகி, நாகர்கோவில்

வேண்டாம்மா. கடினப் பவளம் எல்லாத்தையும் 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல சேத்துட்டாங்க, புலிக்கு இருக்கற அதே பட்டியல், செத்து கரை ஒதுங்கின துண்டா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். ஏர்போர்ட் ஸ்கேன்ல பளிச்சுனு தெரியும், பையத் தொறந்து எல்லாத்தையும் வாங்கி வச்சுப்பாங்க, பிரச்சன பெருசானா கேஸ். பெட்டி கட்டறதுக்கு முன்னாடி பசங்க பாக்கெட்ட ஒரு தடவ தடவிப் பாருங்க. கடையில வாங்கின சங்குன்னா பில்ல பத்திரமா கையில வச்சுக்கோங்க.

புதுசா கல்யாணம் ஆனவங்க. ஸ்நார்க்லிங்கா ஸ்கூபாவா? – வாசகர், ஓசூர்

காசு இருந்தா ரெண்டும், ஒண்ணுதான்னா முதல்ல ஸ்நார்க்லிங் பண்ணிப் பாத்துட்டு மூச்சு பழகினா மறுநாள் ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு உள்ள முங்கறது. நீச்சல் தெரியாதவங்களையும் இன்ஸ்ட்ரக்டர் புடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போவார், 10 வயசுக்கு மேல இருந்தா போதும். ஆனா ஸ்கூபா பண்ணினா பிளைட் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேணும், ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் வெளிய போகணும். சின்ன டிரிப்ல இதத்தான் எல்லாரும் மறக்கறாங்க, கடைசி நாள் காலைல ஸ்கூபா மத்தியானம் பிளைட்னு ஏஜென்ட் போட்டுக் குடுத்தா மாத்தச் சொல்லுங்க. ஸ்நார்க்லிங்குக்கு இந்தக் கணக்கு கெடையாது. அமாவாசை ஒட்டி போறீங்கன்னா ஹேவ்லாக்ல ராத்திரி கயாக்ல கூட்டிட்டுப் போவாங்க, துடுப்பு பட்ட எடமெல்லாம் தண்ணி நீலமா மின்னும், புதுப் பொண்ணு மாப்பிளைக்கு அத விட என்ன வேணும்.

சின்னச் சின்ன கேள்விங்க, மொத்தமா பதில்

எலிபென்ட் பீச் போட்டு டிக்கெட்ல ஸ்நார்க்லிங் ஃப்ரீன்னு சொல்வாங்க (வாசகர், வேலூர்). பெரும்பாலும் அது கொஞ்ச நேரம், கரைக்குப் பக்கத்துலயே ஒரு சுத்து. நல்ல பாறை கொஞ்சம் தள்ளி, அதுக்குத் தனிக் காசு. வீடியோ, போட்டோக்கும் தனி. எறங்கறதுக்கு முன்னாடியே எவ்ளோ நேரம், எவ்ளோ தூரம், எவ்ளோ காசுன்னு மூணையும் பேசிடுங்க. மீனுக்கு பிஸ்கட் போட்டு வரவைக்கறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, அத தின்னு பழகின மீன் பாசி திங்கறத விட்டுடும், பாறை பாசி புடிச்சு மூடிடும்.

ராதாநகர்ல ஸ்நார்க்லிங் இருக்கா (வாசகி, கரூர்)? இல்ல, அது மணல் பீச்சு, குளிக்கவும் சூரியன் மறையறத பாக்கவும்தான். ஜனவரில அஞ்சரைக்கெல்லாம் மறைஞ்சுடும், நம்ம ஊர் நெனப்புல ஆறு மணிக்குப் போயி இருட்டப் பாத்துட்டு வராதீங்க.

வயசான அப்பா அம்மாவோட போறோம், ஹேவ்லாக் பெர்ரி எல்லாம் முடியாது (வாசகர், விருதுநகர்). போர்ட் பிளேர்லயே தங்கி வண்டூர் போயி அங்கருந்து போட்ல ஜாலிபாய் தீவு. கண்ணாடி அடி வச்ச போட்ல உக்காந்தே பாக்கலாம். வனத்துறை பர்மிட் வேணும், பிளாஸ்டிக் ஒரு துண்டு கூட விடமாட்டாங்க. ஜாலிபாயும் ரெட் ஸ்கின்னும் மாறி மாறித்தான் தொறப்பாங்க, நீங்க போற மாசத்துக்கு எதுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

போட்ல வாந்தி வரும் எனக்கு (வாசகி, ஆரணி). கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி அவோமின் மாதிரி மாத்திரை, டாக்டர கேட்டுட்டு. வெறும் வயித்தோட போகாதீங்க, பூரி மசாலாவோடயும் போகாதீங்க, ரெண்டு இட்லி. நடு சீட்ல உக்காந்து போன பாக்காம தூரத்துல அடிவானத்த பாருங்க.

தமிழ்ல பேசினா புரியுமா, போன் எடுக்குமா (வாசகர், தஞ்சாவூர்)? போர்ட் பிளேர்ல தமிழ் ஆளுங்க நெறைய, ஆட்டோல ஏறினா பாதி நேரம் தமிழ்தான் வரும். ஹேவ்லாக், நீல்ல குடியேறினவங்க பெரும்பாலும் வங்காளிங்க, அங்க ஹிந்தி தெரிஞ்சா நல்லது, மீன் கொழம்பும் சோறும் கேக்க எந்த பாஷையும் வேண்டாம். 2020ல சென்னைலருந்து கடலுக்கடியில கேபிள் போட்டதுக்கு அப்புறம் நெட் ரொம்பத் தேவலாம், ஆனா தீவுல திடீர்னு போயிடும், ஜிபேயே கதின்னு இருக்காம ரெண்டு நாளைக்கு ஆகற மாதிரி கையில நோட்டு வச்சுக்கோங்க, பெர்ரி டிக்கெட்டயும் ரூம் புக்கிங்கயும் சென்னைலயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க.